சேவை வடிவமைப்பிலிருந்து ஸ்பிரிண்டுக்கு: எதுவும் தொலையாமல் கொண்டுபோவது எப்படி?

ஒரு சேவை தொடக்கம்முதல் முடிவுவரை எப்படி நடக்கவேண்டும் என்று திட்டமிடுவது சேவை வடிவமைப்பு. அது முடிந்து கோடிங் தொடங்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில்தான், ஸ்பிரிண்ட் எனப்படும் குறுகிய கட்டங்களாக மென்பொருளைக் கட்டும் அஜைல் ப்ராஜெக்ட்டுகள் முக்கியமான எதையாவது தொலைத்துவிடுகின்றன. திரைகள் தொலைவதில்லை. அவை திரைகளை வரையும் கருவியான ஃபிக்மாவில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். திரைக்குப் பின்னால் ஒருவர் செய்யவேண்டிய வேலைதான் தொலைகிறது.

நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்டில் இது நடந்தது. ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறும் சேவை அது. ஆறு வாரம் உழைத்துப் பெரிய சர்வீஸ் ப்ளூபிரிண்ட் ஒன்றை, அதாவது வாடிக்கையாளர் செய்வதையும் அதற்குப் பின்னால் ஊழியர்களும் சிஸ்டங்களும் செய்வதையும் வரிசை வரிசையாகக் காட்டும் வரைபடத்தை, வரைந்திருந்தோம். அதில் ஒரு மஞ்சள் சீட்டில் "கிடங்கில் சரிபார்ப்பு" என்று இருந்தது. பொருள் சேதமில்லாமல் வந்திருக்கிறதா என்று கிடங்கு ஊழியர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பணம் போகவேண்டும். ஆனால் அந்தச் சீட்டுக்கு வாடிக்கையாளர் பார்க்கும் திரை எதுவும் கிடையாது. நாங்கள் ஸ்டோரிகளை, அதாவது பயனர் கோணத்தில் எழுதும் சிறு சிறு வேலைகளை, திரைகளை வைத்துப் பிரித்தோம். அதனால் அந்தச் சீட்டுக்கு டிக்கெட்டே (வேலைப் பதிவே) உருவாகவில்லை. நான்கு ஸ்பிரிண்ட் கழித்து ரிலீஸ் ஆனது. "வந்துவிட்டது, நன்றாக இருக்கிறது" என்று பதிவதற்குக் கிடங்கு ஊழியர்களுக்கு எங்கும் இடமில்லை. நோட்டில் எழுதிவைத்தார்கள். மாலையில் ஒருவர் உட்கார்ந்து அதை எக்செலில் ஏற்றி மெயிலில் அனுப்பினார். பணம் வராதவர்களின் அழைப்புகள் குவிந்தன. அவ்வளவு நாளும் அந்த மஞ்சள் சீட்டு எங்கள் சுவரிலேயே ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக அதே திருப்பி அனுப்பும் சேவையை வைத்துக்கொள்வோம்.

படி 1: ப்ளூபிரிண்ட்டின் கீழ்ப்பாதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

வங்கித் துறையில் இருந்த லின் ஷோஸ்டாக் என்பவர்தான் சர்வீஸ் ப்ளூபிரிண்ட் என்ற கருத்தைப் பரவலாக்கினார். 1984-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் அவர் எழுதிய கட்டுரையில் தெருமுனையில் ஷூ பாலிஷ் போடுவதை ப்ளூபிரிண்ட்டாக வரைந்து காட்டினார். தூசி தட்ட 30 வினாடி, பாலிஷ் தடவ 30, தேய்த்து மெருகேற்ற 45, காசு வாங்க 15. மொத்தம் 2 நிமிடம். வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்ளும் எல்லை 5 நிமிடம். தவறு நடக்கக்கூடிய இடத்தையும் அதிலேயே குறித்திருந்தார்: தப்பான நிறத்து பாலிஷைத் தடவிவிடுவது. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் பிரிக்க ஒரு கோடு போட்டு, பாலிஷ் முதலிய பொருள்களை வாங்கிவைக்கும் வேலையை அந்தக் கோட்டுக்குக் கீழே வைத்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நேரமும் தவறும் இடமும் ப்ளூபிரிண்ட்டில் ஆரம்பத்திலிருந்தே இருந்தவை. இன்று நாம் வரையும் பெரும்பாலான ப்ளூபிரிண்ட்டுகளில் இந்த இரண்டும் இருப்பதில்லை. உணர்ச்சி வரைகோடு இருக்கும், சிரிக்கும் முகம் இருக்கும், வாடிக்கையாளர் சொன்ன வாக்கியம் இருக்கும். டெவலப்பருக்கு வேண்டியது மட்டும் இருக்காது.

அதனால் பேக்லாக்கில், அதாவது செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில், ஒரு டிக்கெட்கூடப் போடுவதற்கு முன்னால், கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு சீட்டையும் எடுத்து நான்கு கேள்வி கேளுங்கள். இதை யார் செய்கிறார், ஆளா, சிஸ்டமா? செய்வதற்குத் தேவையான தகவல் அவருக்கு எங்கிருந்து வருகிறது? செய்து முடித்ததை எங்கே பதிகிறார்? அவர் செய்யவில்லை என்றால் யாருக்கு, எப்போது தெரியும்?

"கிடங்கில் சரிபார்ப்பு" என்ற சீட்டிடம் இந்த நான்கையும் கேட்டிருந்தால் மூன்றாவது கேள்வியிலேயே நாங்கள் நின்றிருப்போம். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பதில் இல்லாத சீட்டுகள்மீது சிவப்புப் புள்ளி வையுங்கள். அந்தச் சிவப்புப் புள்ளிகள்தான் உங்கள் உண்மையான பேக்லாக்கின் தொடக்கம்.

படி 2: ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் உரிமையாளர்

இது சிறிய படிதான், ஆனால் தாண்டிப் போகாதீர்கள். ப்ளூபிரிண்ட்டின் ஒவ்வொரு வரிசைக்கும் எந்தக் குழு பொறுப்பு என்று பெயர் எழுதுங்கள். ஓர் அமைப்பில் மனிதர்கள் எப்படித் தொடர்புகொள்கிறார்களோ அதே வடிவத்தில்தான் அவர்கள் கட்டும் சிஸ்டமும் அமையும் என்று கணினி நிபுணர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். பணம் திருப்புவதை ஒரு குழுவும், வீட்டுக்குப் போய்ப் பொருளை எடுத்துவரும் பிக்கப்பை வேறொரு குழுவும் பார்க்கிறார்கள், இரண்டு குழுவும் பேசிக்கொள்வதே இல்லை என்றால், அந்த இடைவெளி அப்படியே வாடிக்கையாளர் தலையில் விழும். இரண்டு வரிசைகளுக்கு நடுவே போகும் ஒவ்வோர் அம்புக்குறியும் இரண்டு பேர் உட்கார்ந்து பேசவேண்டிய ஓர் உரையாடல். அதற்கு நாள் குறியுங்கள். பேசும்போது உண்மையில் அந்த வேலையைச் செய்யும் ஒருவர் அங்கே இருக்கட்டும். அவருடைய மேலாளர் இருப்பது அதற்கு ஈடாகாது.

படி 3: நிலைகளின் பட்டியல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வடிவமைப்பாளரின் மொழி பயணம், டெவலப்பரின் மொழி நிலை. பயணத்தில் "வாடிக்கையாளர் காத்திருக்கிறார்" என்று இருக்கும். டேட்டாபேஸில் அந்த நேரத்தில் அந்தக் கோரிக்கையின் ஸ்டேட்டஸ் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் ஒரு மொழி இன்னொன்றாக மாறுகிறது.

திருப்பி அனுப்பும் கோரிக்கைக்கு நாங்கள் முதலில் எழுதிய நிலைகள் நான்கு: கோரப்பட்டது, எடுக்கப்பட்டது, வந்து சேர்ந்தது, பணம் அனுப்பப்பட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிக்கப்புக்குப் போகும் ஓர் ஊழியரை அழைத்து உட்காரவைத்ததும் பட்டியல் வளர்ந்தது. "வீடு பூட்டியிருந்தா?" என்றார். பிக்கப் முயற்சி தோல்வி என்று ஒரு நிலை வந்தது. "மூணு தடவை போயும் ஆள் இல்லைன்னா?" கோரிக்கை காலாவதி. "பெட்டியைத் திறந்து காட்டுறாங்க, உள்ளே வேற பொருள் இருக்கு. நான் வாங்கணுமா, வேண்டாமா?" வாசலிலேயே மறுக்கப்பட்டது. கிடங்குப் பக்கம் போனால் சரிபார்ப்பில் உள்ளது, ஏற்கப்பட்டது, சேதம் காரணமாக மறுக்கப்பட்டது, வாடிக்கையாளருக்கே திருப்பி அனுப்பப்பட்டது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் பதினொன்று.

ஒவ்வொரு நிலைக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். இங்கிருந்து எந்தெந்த நிலைக்குப் போகலாம்? யாருடைய செயல் அதை நகர்த்துகிறது? இந்த நிலையில் அதிகபட்சம் எவ்வளவு நேரம் இருக்கலாம்? இந்த நேரத்தில் வாடிக்கையாளர் பார்க்கும் வாக்கியம் என்ன? மூன்றாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபடும். "சரிபார்ப்பில் உள்ளது" என்ற நிலையில் ஒரு கோரிக்கை 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் யாருக்காவது எச்சரிக்கை போகவேண்டும். அந்த எண் வடிவமைப்பிலிருந்துதான் வரவேண்டும், டெவலப்பர் ஊகித்துப் போடக்கூடாது. ஊகித்துத்தான் ஆகவேண்டும் என்ற இடத்தில் அவரை நிறுத்திவிட்டு, பிறகு "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்பதில் நியாயமே இல்லை.

நிலைகளின் பெயர்களை எல்லா இடத்திலும் ஒரேமாதிரி வையுங்கள். கோடிங்கில் ஒரு பெயர், அட்மின் திரையில் இன்னொரு பெயர், வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசும் பெயர் வேறொன்று என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு புகாரையும் யாராவது மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருக்கும்.

படி 4: நெடுக்காக வெட்டுங்கள்

இப்போதுதான் ஸ்டோரிகளைப் பிரிக்கும் நேரம். நெடுக்காக என்றால், ஒவ்வொரு வெட்டும் ப்ளூபிரிண்ட்டின் எல்லா வரிசைகளையும் மேலிருந்து கீழ்வரை தொடவேண்டும். ஜெஃப் பாட்டன் பரப்பிய ஸ்டோரி மேப்பிங் முறை ப்ளூபிரிண்ட்டுக்கு இயல்பாகப் பொருந்தும், ஏனென்றால் இரண்டிலும் மேலே இடமிருந்து வலமாக ஓடுவது வாடிக்கையாளரின் செயல்கள்தான். ஒவ்வொரு செயலுக்கும் கீழே, அது நடக்கத் தேவையான எல்லாவற்றையும் முன்னுரிமைப்படி அடுக்குங்கள். அப்புறம் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது முதல் ரிலீஸ்.

முதல் வெட்டு எப்படி இருக்கவேண்டும்? ஆலிஸ்டர் காக்பர்ன் அதற்கு "நடக்கும் எலும்புக்கூடு" என்று பெயர் வைத்தார். சதை இல்லாவிட்டாலும் தலைமுதல் கால்வரை எலும்பு இருக்கும், நடக்கும். நம் சேவைக்கு அப்படிப்பட்ட வெட்டு: ஒரே வகைப் பொருள், ஒரே கிடங்கு, ஒரே கட்டண முறை. ஆனால் கோரிக்கை போடுவதிலிருந்து பணம் வந்து சேர்வதுவரை எல்லா வரிசைகளும் தொடப்பட்டிருக்கும். முதல் ஸ்பிரிண்டில் ஃபார்ம், இரண்டாவதில் அட்மின் திரை, மூன்றாவதில் இன்டக்ரேஷன் (சிஸ்டங்களை இணைப்பது) என்று படுக்கையாக வெட்டினால், முதல் பிரச்சினை தெரியவே மூன்று ஸ்பிரிண்ட் ஆகும். அதற்குள் ஃபார்மைக் கட்டியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

முதல் வெட்டில் எல்லாமே தானியங்கியாக இருக்கவேண்டும் என்பதில்லை. பின்னணி வேலை ஒன்றை ஆள் கையால் செய்யலாம். எங்கள் குழுவில் இதற்கு ஒரு விதி உண்டு: கையால் செய்யும் ஒவ்வொரு படிக்கும் ஒரு டிக்கெட் இருக்கவேண்டும். அதில் யார் செய்வார், ஒரு நாளைக்கு எத்தனைவரை சமாளிப்பார், அந்த எண்ணிக்கையைத் தாண்டினால் எந்த ஸ்டோரி மேலே வரும் என்பதை எழுதிவைப்போம். தெரிந்து கையால் செய்வது ஒரு முடிவு. மறந்துபோய்க் கையால் செய்யவேண்டி வருவது விபத்து. எங்கள் கிடங்கில் அன்று நடந்தது விபத்து.

படி 5: ஸ்டோரியை எழுதும் விதம்

"வாடிக்கையாளராக, நான் பொருளைத் திருப்பி அனுப்ப விரும்புகிறேன், எனக்குப் பணம் திரும்பக் கிடைக்கவேண்டும்." இப்படி ஒரு வரியை டிக்கெட்டில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு ஸ்டோரிக்கு மூன்று பகுதி உண்டு என்று ரான் ஜெஃப்ரீஸ் 2001-ல் சொன்னார்: சீட்டு, உரையாடல், உறுதிப்படுத்தல். சீட்டு என்பது உரையாடலுக்கான நினைவூட்டல் மட்டுமே. உரையாடலில் முடிவானதை உறுதிப்படுத்தலாக எழுதவேண்டும். அதற்கு டான் நார்த் அறிமுகப்படுத்திய "இந்த நிலையில், இது நடந்தால், இப்படி ஆகவேண்டும்" என்ற வடிவம் நல்ல கருவி.

ஒரு டிக்கெட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். ப்ளூபிரிண்ட்டில் மூன்றாவது கட்டம், பிக்கப். அதில் ஒரு ஸ்டோரி:

தலைப்பு: பிக்கப் ஊழியர் வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. ப்ளூபிரிண்ட் எண் 3.4.

கோரிக்கை "கோரப்பட்டது" என்ற நிலையில் இருக்கிறது, பிக்கப் நேரமும் குறிக்கப்பட்டிருக்கிறது. ஊழியர் தன் ஆப்பில் "ஆள் இல்லை" என்பதை அழுத்தினால், கோரிக்கை "பிக்கப் முயற்சி தோல்வி" நிலைக்குப் போகவேண்டும், முயற்சி எண்ணிக்கை ஒன்று கூடவேண்டும், வாடிக்கையாளருக்கு 5 நிமிடத்துக்குள் எஸ்எம்எஸ் போகவேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸில் வேறு நேரம் குறிக்கும் லிங்க் இருக்கவேண்டும்.

இது மூன்றாவது முயற்சி என்றால், லிங்க் போகக்கூடாது. கோரிக்கை "காலாவதி" நிலைக்குப் போய், புதிதாகக் கோரிக்கை போடுவது எப்படி என்ற செய்தி போகவேண்டும்.

ஊழியரின் போனில் அந்த நேரத்தில் நெட் இல்லை என்றால், அவர் அழுத்தியது ஆப்பில் சேமிக்கப்பட்டு, நெட் வந்ததும் அவர் அழுத்திய நேரத்தோடு அனுப்பப்படவேண்டும்.

கடைசி நிபந்தனையைப் பாருங்கள். அது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வரவில்லை. உரையாடலின்போது டெஸ்டர் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. அவர் கேட்காமல் விட்டிருந்தால், மாலையில் நெட் வந்த பிறகு போகும் எஸ்எம்எஸ், மாலையில்தான் ஊழியர் வந்தார் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கும். அந்த மாலையில் வீட்டிலேயே இருந்தவருக்கு அது எவ்வளவு எரிச்சலூட்டும் என்று சொல்லவேண்டியதில்லை. அதனால் டெஸ்டரை ஸ்டோரி எழுதும்போதே கூப்பிடுங்கள், முடிந்த பிறகு கூப்பிட்டால் தாமதம்.

ப்ளூபிரிண்ட் எண்ணையும் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்த எண் இருந்தால், டிக்கெட்டுகளை வைத்திருக்கும் ஜிராவில் ஒரு தேடல் போட்டு, வரும் பட்டியலை ப்ளூபிரிண்ட்டோடு ஒப்பிட்டு, எந்த எண்ணுக்கு டிக்கெட் இல்லை என்று பார்க்கலாம். மஞ்சள் சீட்டு தொலையாமல் இருக்க நான் கண்ட மிக எளிய வழி இது.

படி 6: தெரியாததை முதலில் தொடுங்கள்

வேறு சிஸ்டத்தோடு பேசவேண்டிய இடங்கள் எல்லாம் ஆபத்தானவை. அவற்றுக்கு ஸ்பைக் போடுங்கள். இரண்டு நாள் எல்லை வைத்து, ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடும் வேலை அது. "பேமென்ட் கேட்வேயிடம் (பணப் பரிமாற்றத்தைச் செய்யும் வெளி சிஸ்டத்திடம்) ஒரே ரீஃபண்டை இரண்டு தடவை கேட்டால் என்ன ஆகும்?" என்பது நல்ல ஸ்பைக் கேள்வி. நெட்வொர்க் நடுவில் அறுந்தால் நம் சிஸ்டம் மறுபடி முயலும். ஒவ்வொரு ரீஃபண்டுக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பினால், மறுமுனை அதைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கிவிடுமா? ஆவணத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் சோதனைச் சூழலில் அனுப்பிப் பாருங்கள். விடை சாதகமாக இல்லை என்றால் வடிவமைப்பே மாறவேண்டியிருக்கும். அது முதல் ஸ்பிரிண்டில் தெரிந்தால் நல்லது.

குழுக்களுக்கு நடுவே ஏபிஐ வடிவத்தை, அதாவது இருவரின் சிஸ்டங்களும் பேசிக்கொள்ளும் முறையை, முதல் வாரத்திலேயே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு இருவரும் போலிப் பதில்களை வைத்து இணையாக வேலை செய்யலாம்.

படி 7: வடிவமைப்பாளர் எங்கே இருக்கவேண்டும்?

டெவலப்பர்கள் ஒரு ஸ்பிரிண்டைக் கட்டும்போது வடிவமைப்பாளர்கள் அடுத்த ஸ்பிரிண்டுக்கானதை வடிவமைத்து, முந்தையதைப் பயனர்களிடம் சோதிக்கும் இணைத்தட முறையை டெசிரே சை 2007-ல் விரிவாக எழுதினார். இன்றுவரை பல குழுக்கள் அப்படித்தான் ஓடுகின்றன. நல்ல முறைதான். ஆனால் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் ஓடி, கோப்பை வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் அது இரண்டு வார நீளமுள்ள பழைய வாட்டர்ஃபால், ஒருவர் முடித்து அடுத்தவரிடம் தள்ளிவிடும் முறை.

நான் வற்புறுத்தும் பழக்கம் ஒன்றுதான். ஒரு ஸ்டோரி டெவலப்பரின் கணினியில் முதல்முறை ஓடியதும், அன்றைக்கே வடிவமைப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து 15 நிமிடம் பார்க்கவேண்டும். தொலைவில் இருந்தால் ஸ்கிரீன் ஷேர் போதும். ஸ்பிரிண்ட் கடைசியில் டெமோவில் பார்த்தால் "அடுத்த ஸ்பிரிண்டில் மாற்றலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். அந்த அடுத்த ஸ்பிரிண்ட் பெரும்பாலும் வருவதில்லை.

"முடிந்தது" என்பதன் வரையறையிலும் சேவையைக் கொண்டுவாருங்கள். எழுதிய ப்ரோகிராம் பொதுப் பிரதியில் சேர்க்கப்பட்டது, டெஸ்ட் தேறியது என்பதோடு, செய்தி வாசகங்கள் இறுதியாகிவிட்டதா, சேவை மையத்தில் இருப்பவர் இந்த நிலையைத் தன் திரையில் பார்க்க முடிகிறதா, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு, எல்லோரும் பயன்படுத்தக்கூடிய இணையத்துக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி கேட்கும் 4.5:1 அளவிலாவது இருக்கிறதா என்பதும் சேரட்டும்.

படி 8: வரைந்தபடி கட்ட முடியாதபோது

இது கட்டாயம் வரும். எங்கள் வடிவமைப்பில், சரிபார்ப்பு முடிந்த கணமே "உங்கள் பணம் அனுப்பப்பட்டது" என்று காட்டவேண்டும் என்று இருந்தது. கணக்குப் பிரிவின் சிஸ்டமோ எல்லா ரீஃபண்டுகளையும் சேர்த்து இரவில் ஒரே தடவைதான் அனுப்பும். அதை மாற்றப் பல மாதம் ஆகும். டெவலப்பர் தன் முடிவில் அந்த வாசகத்தை அப்படியே விட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும். வடிவமைப்பாளர் பிடிவாதம் பிடித்திருந்தால் ரிலீஸ் நின்றிருக்கும்.

அப்படிப்பட்ட நேரத்தில் நான் கேட்கும் கேள்வி: இந்தப் படியில் வாடிக்கையாளருக்கு உண்மையில் என்ன தேவை? எங்கள் ஆய்வுக் குறிப்புகளைத் திரும்பப் படித்தோம். மக்கள் வேகத்தைவிட நிச்சயத்தைத்தான் கேட்டிருந்தார்கள். பணம் எப்போது வரும் என்று தெரிந்தால் போதும். அதனால் வாசகத்தை "பொருள் சரியாக வந்துவிட்டது. பணம் இன்று இரவு அனுப்பப்படும்" என்று மாற்றினோம். "ஏற்கப்பட்டது" நிலைக்கும் "பணம் அனுப்பப்பட்டது" நிலைக்கும் நடுவே "அனுப்பக் காத்திருக்கிறது" என்று ஒன்றைச் சேர்த்தோம். பட்டியல் பன்னிரண்டானது.

இப்படி முடிவெடுத்த அன்றைக்கே ப்ளூபிரிண்ட்டைத் திருத்துங்கள், தேதியோடும் காரணத்தோடும். திருத்தாத ப்ளூபிரிண்ட்டை மூன்றாவது ஸ்பிரிண்டுக்குப் பிறகு யாரும் திறக்கமாட்டார்கள், திறப்பவரும் ஏமாறுவார். ஆய்வுக் குறிப்புகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் இதற்காகத்தான். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்பதற்கு ஆதாரம் அங்கேதான் இருக்கிறது.

படி 9: ரிலீஸுக்கு முன் ஒத்திகை

டெஸ்ட் கேஸ்கள் எல்லாம் தேறிய பிறகு, உண்மையான ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவர் வாடிக்கையாளராகக் கோரிக்கை போடட்டும். உண்மையான பிக்கப் ஊழியர் வந்து எடுக்கட்டும், உண்மையான கிடங்கு ஊழியர் திறந்து பார்க்கட்டும். நீங்கள் கையில் ப்ளூபிரிண்ட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு கூடவே போங்கள், உதவி மட்டும் செய்யாதீர்கள். எங்கள் இரண்டாவது ரிலீஸுக்கு முன் இதைச் செய்தபோது, கிடங்கு ஊழியர் கையுறை போட்டிருந்ததால் டேப்லட் திரையில் அவருடைய தொடுகை பதியவே இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் கையுறையைக் கழற்றி மாட்டினார். எந்தத் தானியங்கி டெஸ்ட்டிலும் அது பிடிபட்டிருக்காது. மறுநாளே பார்கோடு ஸ்கேனரை வைத்தே "ஏற்கப்பட்டது", "சேதம்" என்ற இரண்டு அட்டைகளை ஸ்கேன் செய்தால் போதும் என்று மாற்றினோம்.

பிறகு ஃபீச்சர் டாகிளை (ஒரு வசதியைத் திறக்கவும் மூடவும் உதவும் சுவிட்சை) போட்டு, சிறு பங்கு வாடிக்கையாளர்களுக்கு மட்டும் திறங்கள். முதல் இரண்டு வாரம் குழுவில் ஒருவர் தினமும் சேவை மையத்தில் உட்காரட்டும். வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் பக்கத்தில் ப்ளூபிரிண்ட் எண்ணை எழுதச் சொல்லுங்கள். காலைக் கூட்டத்தில், எந்த நிலையில் எத்தனை கோரிக்கைகள் குறித்த நேரத்தைத் தாண்டி நிற்கின்றன என்ற எண்ணிக்கையை முதலில் பாருங்கள். ஒரே ப்ளூபிரிண்ட் எண் மூன்று நாள் தொடர்ந்து மேலே வந்தால், அந்தப் படியின் வரிசைக்கு உரிமையாளராகப் பெயர் எழுதியவரைக் கூப்பிட்டு, படி 1-ன் நான்கு கேள்விகளை மறுபடி கேளுங்கள். கிடைக்கும் பதிலை அன்றைக்கே டிக்கெட்டாகப் போட்டு, அடுத்த ஸ்பிரிண்டின் தலைவரிசையில் வையுங்கள்.